கிராம் கணக்கு

விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் பதினாறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். மூட்டை வந்து இறங்கும், தராசில் ஏறும், நான் எழுதிக்கொள்வேன். ஐம்பது கிராமுக்கெல்லாம் அங்கே யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மிச்சத்தைக் குவிண்டாலில் சொல்வோம். அப்படிப் பழகியவன் இப்போது சென்னையில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து, தங்கச்சி மகன் நேற்றைக்கு இன்று இருபது கிராமாவது ஏறியிருக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பொடியனுக்கு எட்டு மாதம் ஆகிறது. இன்று காலை 6 கிலோ 140 கிராம். அவன் வயதுப் பிள்ளை சராசரியாக எட்டரை கிலோ இருக்கும். கல்லீரல் மாற்று அறுவைக்குக் காத்திருக்கிறான். எல்லாம் கூடி வந்தால் கொடுக்கப்போகிறவன் நான்.

போன ஆவணியில் பிறந்தான். சேனை வைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். சீனித் தண்ணீரில் விரல் நுனியைத் தொட்டு உதட்டில் வைத்தேன். நர்ஸ் பார்த்திருந்தால் திட்டியிருப்பார், திட்டுவதுதான் சரியும்கூட. சேனை வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். "போச்சு, இன்னொரு சாப்பாட்டு ராமன்" என்று அம்மா சிரித்தாள். மாப்பிள்ளை அதைப் போனில் படம் எடுத்தார். அந்தப் படத்துக்குப் பிற்பாடு ஒரு வேலை வரும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் மஞ்சள் பூத்தது. பச்சைப்பிள்ளைக்கு மஞ்சள் பூப்பது சகஜம், பத்துப் பதினைந்து நாளில் தானே வடிந்துவிடும். இவனுக்கு வடியவில்லை. காட்டின டாக்டர், தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குக் கொஞ்சம் நாள் ஆகும், காலை வெயிலில் காட்டுங்கள் என்றார். காட்டினோம். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் நின்றால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், அதில் பிலிருபின் என்கிற மஞ்சள் நிறப் பொருள் மொத்தம் எவ்வளவு என்பதோடு விடாமல், ஈரல் கோளாறைக் காட்டுகிற 'டைரக்ட்' எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அன்றைக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். அந்த டாக்டரிடம் சண்டைக்குப் போகலாமா என்று மாப்பிள்ளை ஒருநாள் கேட்டார். போகவில்லை. எங்கள் மேலும் தப்பு இருக்கிறது.

பிள்ளையின் துணியைத் துவைத்தது அம்மா. "மூத்திரம் மஞ்சக் கறையாப் பிடிக்குதே" என்று அவள் ரெண்டாம் வாரமே சொன்னாள். பச்சைப்பிள்ளை மூத்திரம் தண்ணீர் மாதிரி இருக்கும், துணியில் நிறம் பிடிக்காது. மலம் அதற்கு நேர்மாறாக, மைதா மாவைக் கரைத்து ஊற்றியதுபோல வெளுத்திருந்தது. அதை நாங்கள் நல்லது என்று நினைத்தோம்! தாய்ப்பால் மட்டும் குடிக்கிறான், அதனால்தான் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பேசிக்கொண்டோம்.

ஒன்றரை மாத ஊசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது அங்கிருந்த நர்ஸம்மாதான் முதலில் பிடித்தார். பிள்ளையின் கண்ணைப் பார்த்தார், துணியை விரித்துப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. "நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். நாங்கள் நாளைக்கே போகவில்லை. பழைய டாக்டரிடமே திரும்பப் போய் ஒரு சிரப் வாங்கி வந்தோம். கூடவே அம்மா கீழாநெல்லியை அரைத்தாள், தங்கச்சி அதைக் குடித்தாள், தாய்ப்பால் வழியாகப் போகும் என்ற நம்பிக்கையில். மதுரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு 68 நாள்.

பிலியரி அட்ரீசியா. இந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. ஈரலில் சுரக்கிற பித்தம் குடலுக்கு இறங்குகிற குழாய் அடைபட்டு நாராகிவிடுகிறது. பித்தம் இறங்காததால் மலத்துக்கு நிறம் இல்லை. அது ரத்தத்தில் ஏறி மூத்திரத்தில் போவதால் துணியில் கறை. மிச்சம் ஈரலிலேயே தேங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தழும்பாக்குகிறது. பத்தாயிரம் பதினைந்தாயிரம் பிள்ளைக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறதாம். பார்க்க வந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர், சொந்தத்துக்குள் கட்டினதால்தானே என்று கேட்டார்கள். மாப்பிள்ளை அசல், தூரத்து உறவுகூட இல்லை. மீதிப் பேர், கிரகணத்தன்று வெளியே வந்தாளா என்று கேட்டார்கள். தாய் சாப்பிட்டதாலோ செய்ததாலோ இது வருவதில்லை என்று டாக்டர் தங்கச்சியிடம் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவைதான் அவள் தலையாட்டினாள்.

மொரியோ காசாய் என்ற ஜப்பானிய சர்ஜன் 1950களில் இதற்கு ஓர் ஆபரேஷன் கண்டுபிடித்தார். நாராகிப்போன குழாயை எடுத்துவிட்டு, சிறுகுடலின் ஒரு துண்டை மேலே இழுத்து ஈரலின் அடியில் தைத்துவிடுவது. 60 நாளைக்குள் செய்தால் பித்தம் இறங்குவதற்கு வாய்ப்பு அதிகம், நாள் போகப் போகக் குறையும். எங்களுக்குச் செய்தது 79வது நாள். செய்த பிறகு ஒரு மூன்று வாரம் மலத்தில் எலுமிச்சை நிறம் தெரிந்தது. தங்கச்சி அதைப் படமெடுத்து அனுப்புவாள், நாங்கள் மண்டியில் நாலு பேர் சுற்றி நின்று, மஞ்சளா, வெள்ளையா என்று பஞ்சாயத்து வைப்போம். என் போனில் அவன் முகத்தைவிட அந்தப் படங்கள்தான் அதிகம் இருக்கின்றன. அப்புறம் காய்ச்சல் வந்தது, பித்த வழியில் சீழ்க் கிருமி. பத்து நாள் ஊசி. காய்ச்சல் போனது, நிறமும் போனது.

தைவானில் 2004லிருந்து பிறக்கிற பிள்ளைகளின் கைப்புத்தகத்தோடு மலத்தின் நிறம் அச்சிட்ட ஓர் அட்டை கொடுக்கிறார்களாம். இது சரி, இது சரியில்லை என்று தாயே பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். காலண்டரில் சாமியின் முகத்துக்கு மஞ்சள் ஒரு புள்ளி கூடினால்கூடக் கண்டுபிடித்து மெஷினை நிறுத்துகிற ஆள். இந்த அட்டையைப் பற்றி நான் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை, எழுந்து வெளியே போய்விட்டார்.

தை மாதம் சென்னைக்கு வந்தோம். இனி வேறு ஈரல்தான் என்று சொல்லிவிட்டார்கள். சொன்ன கையோடு எல்லாருக்கும் ரத்த வகை பார்த்தார்கள். பிள்ளை ஓ பாசிட்டிவ். ஓ வகைக்கு ஓ தான் சரியாகச் சேரும். மாப்பிள்ளை ஏ, தங்கச்சி பி. அம்மாவும் பி, அதோடு சர்க்கரை வேறு. மாப்பிள்ளையின் அப்பா ஓ தான், ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். அப்பா இருந்திருந்தால் ஓ என்று அம்மா திடீரென்று சொன்னாள். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு வகை சேராவிட்டாலும் செய்ய ஒரு வழி உண்டு, அதற்கு மருந்தும் கவனிப்பும் கூடுதல், முதலில் சேர்கிற ஆளைப் பார்ப்போம் என்றார்கள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஓ பாசிட்டிவ்.

அன்றைக்கு எனக்கு ஒரு கர்வம் வந்தது உண்மை. தாய்மாமன் அல்லவா. அது ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. ஸ்கேனில் ஈரல் முழுக்கக் கொழுப்பு. விருதுநகர்க்காரன் ஈரலில் எண்ணெய்ப் புரோட்டா இல்லாமல் வேறென்ன இருக்கும்? 86 கிலோ இருந்தேன். "இந்த ஈரலைக் குழந்தைக்கு வைக்க முடியாது. எடையைக் குறைச்சுட்டு வாங்க, பார்க்கலாம். கொழுப்பு மற்ற இடத்தைவிட ஈரல்ல இருந்துதான் சீக்கிரம் இறங்கும்" என்றார் டாக்டர். அவர் குரலில் திட்டு இல்லை. எனக்குத்தான் திட்டின மாதிரி கேட்டது. பக்கத்தில் மடியில் கிடந்த பிள்ளைக்கு எடை ஏற வேண்டும் என்று அதே மூச்சில் சொன்னார்.

ஆக, மருமகன் ஏற வேண்டும், மாமன் இறங்க வேண்டும். நாங்கள் இருவரும் ஒரே தராசின் இரண்டு தட்டில் உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தோன்றும். ஒரு தட்டு இறங்கினால் மற்றது தானே ஏறும் என்பது தராசில்தான் நடக்கிறது. நான் முதல் மாதம் நாலு கிலோ இறங்கினேன். அவன் 90 கிராம் ஏறினான்.

அவன் ஏறுவது எவ்வளவு பெரிய வேலை என்று சொன்னால்தான் புரியும். பித்தம் இல்லாவிட்டால் கொழுப்பு செரிக்காது. குடிக்கிற பாலில் இருக்கிற கொழுப்புச் சத்தில் நிறைய அப்படியே போய்விடும். கொழுப்போடு சேர்ந்து உடம்பில் ஏறுகிற ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் நாலும் தங்காது. கே இல்லாவிட்டால் ரத்தம் உறையாது, அதனால் ஊசி போட்ட இடம் இரண்டு நாள் கருநீலமாக நிற்கும். ஈரல் பழுதான பிள்ளைக்கு மற்றப் பிள்ளையைவிட ஒன்றரை மடங்கு சக்தி வேண்டும், வயிறோ வீங்கிப்போய் இரண்டு அவுன்ஸுக்கு மேல் பிடிக்காது. எனவே மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு ட்யூப். பித்தம் இல்லாமலே உறிஞ்சக்கூடிய எம்சிடி என்கிற எண்ணெயை அளந்து பாலில் கலக்க வேண்டும். கேப்பைக்கூழிலும் அதே எண்ணெய்தான், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊட்ட வேண்டும். இரவு பன்னிரண்டும் மூன்றும் என்னுடைய முறை, நான் சென்னையில் இருக்கிற நாட்களில். முதலில் ட்யூப்பில் சிரிஞ்சால் கொஞ்சம் இழுத்து, வயிற்று நீர் வருகிறதா என்று, அமிலம் பட்டால் நிறம் மாறுகிற தாளில் பார்க்க வேண்டும். ட்யூப் நுரையீரல் பக்கம் நகர்ந்திருந்தால் பாலே எமன் ஆகிவிடும். அப்புறம் சிரிஞ்சின் பிடியைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயை ட்யூப்பில் செருகிப் பாலை ஊற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அழுத்தக் கூடாது, தானாக இறங்க வேண்டும். கையை உயர்த்தினால் வேகமாக இறங்கும், தாழ்த்தினால் மெதுவாக. அவன் நெற்றியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் அறுபது மில்லி இறங்க இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் கை ஆடக் கூடாது. தூக்கத்தில் நான் ஒருநாள் கையை உயர்த்திவிட்டேன். வேகமாகப் போய், மொத்தத்தையும் கக்கிவிட்டான். அறுபது மில்லி. மெத்தையில் கிடந்ததைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா, இதில் எத்தனை கிராம் போச்சு என்று.

பசியைவிட அரிப்புதான் அவனுக்குக் கொடுமை. பித்த உப்பு ரத்தத்தில் ஏறினால் உடம்பு முழுக்க உள்ளிருந்து அரிக்கும், சொறிந்தாலும் அடங்காது. இரண்டு மாதப் பிள்ளைக்குச் சொறியத் தெரியாது, அழத்தான் தெரியும். நாலாம் மாதம் கை அவன் பேச்சைக் கேட்க ஆரம்பித்தபோது அவன் கற்றுக்கொண்ட முதல் காரியம் சொறிவது. காதுக்குப் பின்னால், கணுக்காலில், புருவத்தில். தங்கச்சி என் காலுறைகளை வெட்டி அவன் கைக்கு உறை தைத்தாள். உறை போட்ட கையால் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து ட்யூப்பை இழுத்துவிடுவான். கன்னத்தில் ஒட்டுகிற பிளாஸ்டர் உரிந்து உரிந்து தோல் புண். ஆகவே வலக்கன்னம் ஒரு வாரம், இடக்கன்னம் ஒரு வாரம். இரவில் தூங்காமல் தலையை மெத்தையில் இடமும் வலமும் உருட்டிக்கொண்டே இருப்பான். காலையில் தலையணை உறையில் சின்னச் சின்ன ரத்தப் பொட்டுகள். அரிப்புக்கு ஒரு மருந்து தருகிறார்கள், அது மூத்திரத்தைச் செம்மண் நிறமாக்கும். முதல் தடவை அதைப் பார்த்து ரத்தம் என்று அலறிக்கொண்டு ஓடினோம். மருந்துச் சீட்டில் முன்னாலேயே எழுதியிருந்திருக்கிறது, நாங்கள்தான் படிக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் சிரிப்பான். விளக்குமாற்றைப் பார்த்தால் சிரிப்பான். ஏன் விளக்குமாறு என்று யாருக்கும் தெரியாது. தங்கச்சி அறையைக் கூட்ட ஆரம்பித்தால் கைகால் உதறும், மஞ்சள் கண் இரண்டும் விரியும்.

மாசி மாதத்தில் ஒரு வாரத்தில் 300 கிராம் ஏறினான். நான் மண்டியில் எல்லாருக்கும் சர்பத் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த நாள் தங்கச்சி போன் பண்ணினாள். "அண்ணே, அது எடை இல்லையாம்ணே. வயித்துல தண்ணியாம்." ஈரலில் தழும்பு கூடினால் வயிற்றுக்குள் நீர் கோத்துக்கொள்ளும், அதுவும் தராசில் ஏறும். எனக்கு அது புரியாமல் இருக்குமா? பதினாறு வருஷமாகச் சாக்கு எடையைக் கழித்துத்தானே எழுதுகிறேன். ஈரத்தோடு வந்த துவரை எடை காட்டும், காய்ந்தால் இருக்காது. இவனுக்கு மட்டும் கழிவு போட மறந்துவிட்டேன். நீர் இறங்க மருந்து கொடுத்தார்கள், நாலு நாளில் 280 கிராம் இறங்கினான். நல்ல சேதி என்று டாக்டர் சொன்னார். எடை குறைந்தால் நல்ல சேதி என்ற கணக்கு அதுவரை எனக்கு மட்டும்தான் என்று இருந்தேன்.

அதற்கப்புறம் தராசோடு ஒரு டேப்பும் வந்தது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையைச் சுற்றி அளப்பது. வயிற்றில் தண்ணீர் கோத்தாலும் கையில் கோக்காது, எனவே கை பொய் சொல்லாது என்றார் உணவு ஆலோசகர். அன்றைக்குக் கை 11 சென்டிமீட்டர். என் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வளையம் போட்டால் அதற்குள் அந்தக் கை சாவகாசமாகப் போய் வரும்.

என்னிடமிருந்து எடுக்கப்போவது ஈரலின் இடது ஓரம், மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. கால் கிலோ இருக்கும் என்றார்கள். கறிக்கடையில் அம்மா சொல்லி அனுப்புவாளே, கால் கிலோ ஈரல், அதே அளவு. எனக்கு மிச்சம் இருப்பது சில மாதத்தில் வளர்ந்து ஈடுகட்டிக்கொள்ளும், அவனுக்குள் வைப்பது அவனோடு வளரும். சிக்கல் என்னவென்றால் ஆறு கிலோ பிள்ளையின் வயிற்றுக்குக் கால் கிலோவே பெரிசு. பிள்ளையின் எடையில் நூற்றுக்கு நாலு பங்குக்கு மேல் போனால் வயிற்றை மூட முடியாமல் போகலாம், ரத்த ஓட்டம் பத்தாமல் போகலாம், ஓரத்தைச் செதுக்கிச் சின்னதாக்க வேண்டிவரும். அதனாலும் அவன் ஏற வேண்டும். ஸ்கேன் படத்திலிருந்தே என் ஈரலின் துண்டை எடை போட்டுச் சொல்கிறார்கள். வெட்டாமலே எடை சொல்வது எங்கள் தொழிலில்கூடக் கிடையாது.

பயம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. கொடுப்பவருக்கு உயிராபத்து எவ்வளவு என்று கேட்டபோது, இடது ஓரம் கொடுப்பவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கு என்றார்கள். எங்கள் பயத்தைப் பார்த்து ஆஸ்பத்திரி ஒருங்கிணைப்பாளர் ஒரு கதை சொன்னார், கதையில்லை, நடந்தது. இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமாக ஈரல் மாற்றப்பட்ட குழந்தை நம் காஞ்சிபுரத்துப் பையன். இதே பிலியரி அட்ரீசியா. 1998 நவம்பரில், 20 மாதப் பிள்ளையாக, டெல்லி அப்போலோவில். ஈரல் கொடுத்தவர் அவன் அப்பா. அந்தப் பையன் வளர்ந்து டாக்டருக்கே படித்துவிட்டார். அதற்கு 35 வருஷம் முன்னால், 1963இல், அமெரிக்காவில் ஸ்டார்சல் என்ற சர்ஜன் மனிதருக்கு முதன்முதலாக ஈரல் மாற்றிப் பார்த்ததும் இதே நோய் வந்த மூன்று வயதுப் பிள்ளைக்குத்தான், அது ஆபரேஷன் மேஜையிலேயே இறந்துவிட்டது. இந்த இரண்டாவது விஷயத்தை நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். தங்கச்சியிடம் சொல்லவில்லை.

என் மனைவி எதுவும் சொல்லாமல்தான் இருந்தாள். பேசியது அவள் அம்மா. "உங்களுக்கும் ரெண்டு பிள்ளைக இருக்கு மாப்ள, அதையும் நெனச்சுக்கங்க." அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒருநாள் ராத்திரி சின்னவள் தூங்கினபிறகு மனைவி கேட்டாள்: "ஆயிரத்துல ஒண்ணுன்னா, அந்த ஒண்ணு யாரு?" எனக்குப் பதில் வரவில்லை. உனக்கென்ன, என் தங்கச்சி பிள்ளைதானே என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. பத்து நாள் என் முகம் பார்த்துப் பேசவில்லை, ஆனால் அந்தப் பத்து நாளும் காலையில் கம்பங்கூழும் மத்தியானம் அரிசியில்லாத சாப்பாடும் நேரத்துக்கு வந்தன.

பங்குனியில் அவளாகவே சென்னைக்குக் கிளம்பி வந்தாள். மூன்று ராத்திரி இருந்தாள். இரண்டாம் ராத்திரி மூன்று மணிக்கு நான் விழித்தபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரிஞ்சை உயர்த்திப் பிடித்திருந்தாள், ஒரு சாண் உயரத்தில், கை ஆடாமல். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "சத்தம் போடாதீங்க, இப்பத்தான் கண்ணு செருகுறான்" என்றாள்.

மாமனாகப் பிறந்ததைச் சர்க்காருக்கு நிரூபிக்க வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. 1994இன் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் நெருங்கிய உறவு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள். 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டி, பேரன் பேத்தியைச் சேர்த்தார்கள். மாமன் இல்லை. மொட்டை போட மாமன் மடி வேண்டும், காது குத்த மாமன் மடி வேண்டும், சடங்குக்கு மாமன் சீர் வராவிட்டால் பந்தலில் பெரியவர்கள் எழுந்து நிற்பார்கள். ஈரல் கொடுக்க மட்டும் அவன் அன்னியன். அங்கீகாரக் குழு முன்னால் போய், காசு வாங்கவில்லை, பாசத்தில்தான் கொடுக்கிறேன் என்று விளக்கி அனுமதி வாங்க வேண்டும். முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், இந்தக் கெடுபிடி எதற்கு என்று தெரிகிறது. கடனை அடைக்கக் கிட்னி கொடுத்த ஏழைகளின் கதை தமிழ்நாட்டில் எத்தனையோ உண்டு.

எனவே மாமன் என்பதற்கு அத்தாட்சி சேர்க்க ஆரம்பித்தோம். எனக்கும் தங்கச்சிக்கும் அப்பா ஒருவரே என்று காட்டப் பள்ளிச் சான்றிதழ்கள், அப்பாவின் பெயரில் இருந்த பழைய ரேஷன் கார்டு, வருமானச் சான்று, என் வங்கிக் கணக்கு. அவளுடைய கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்கு நான் குடை பிடித்துக்கொண்டு போகிற படம், வேர்த்து வழிகிறேன், 80 கிலோவாவது அப்போதே இருந்திருப்பேன். பிள்ளையோடு நான் இருக்கிற படம் கேட்டார்கள். காது குத்து நடந்திருந்தால் மடியில் வைத்து ஒரு படம் இருந்திருக்கும், ரத்தம் உறையாத பிள்ளைக்கு எங்கே காது குத்துவது. மாப்பிள்ளை தன் போனில் தேடி அந்தச் சேனைப் படத்தை எடுத்தார். என் விரல், அவன் உதடு, பின்னால் பாதித் தலை வெட்டுப்பட்ட அம்மா. அதைத்தான் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறோம்.

இறந்தவர்களின் உறுப்புக்கான பட்டியலிலும் பெயர் கொடுத்திருக்கிறோம். தமிழ்நாட்டில் 2008இல் ஹிதேந்திரன் என்ற பதினைந்து வயதுப் பையனின் உறுப்புகளை அவன் பெற்றோர் கொடுத்தபிறகு எத்தனையோ குடும்பங்கள் அப்படிக் கொடுத்திருக்கின்றன. தங்கச்சியின் போன் ராத்திரியும் சார்ஜில்தான் இருக்கிறது. ஆனால் இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அந்த வழியில் அமைவது அபூர்வம் என்று சொல்லித்தான் எழுதிக்கொண்டார்கள். அம்மா இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறாள், மொட்டையும் காது குத்தும் அங்கேயே என்று. அந்தப் பட்டியலைப் பற்றிச் சொன்னபோது வெற்றிலை மடித்த கை நின்றது. "அதுக்கு நான் ஆத்தாகிட்ட என்னன்னு வேண்ட? யாரு வீட்டுலயோ எழவு விழணும்னா?" அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பணத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்கு இஷ்டமில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஒரு பகுதி, மண்டி முதலாளி ஒரு பகுதி, தங்கச்சியின் நகை. இணையத்தில் பிள்ளை படத்தைப் போட்டால் வரும் என்று சிலர் சொன்னார்கள். ட்யூப்போடு அழுகிற படம்தான் வேண்டுமாம், சிரிக்கிற படத்துக்கு வராதாம். தங்கச்சி முடியாது என்றுவிட்டாள்.

போன வாரம் எனக்கு மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். 77 கிலோ. கொழுப்பு இறங்கிவிட்டது, இந்த ஈரல் ஆகும் என்றார் டாக்டர். ஈரல் சுருங்கியதில் அந்த இடது ஓரமும் கொஞ்சம் சிறுத்திருக்கிறதாம், பிள்ளைக்கு நல்லது. தட்டம்மை ஊசியை அவனுக்கு முன்கூட்டியே போட்டுவிட்டார்கள், மாற்று நடந்தபிறகு அந்த மாதிரி உயிருள்ள தடுப்பூசி போட முடியாது. குழு வியாழக்கிழமை கூப்பிட்டிருக்கிறது. மனைவியையும் தனியாக விசாரிப்பார்கள். அவள் கையெழுத்துப் போட வேண்டிய தாளை அனுப்பியிருந்தேன். நான் என் தாளைப் படிக்காமல் போட்டேன். அவள் நாலு பக்கத்தையும் படித்து, இரண்டு இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, டாக்டரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னாள். கேட்டுச் சொன்ன பிறகு கையெழுத்துப் போட்டாள்.

இன்று காலை தங்கச்சி அவன் சட்டையையும் துணியையும் கழற்றினாள். தராசில் ஒரு துண்டை விரித்து, அதைச் சுழியாக்கி, மேலே அவனைக் கிடத்தினோம். வெறும் உடம்பு தட்டின் குளிர்ச்சியில் பட்டால் துள்ளுவான், எண் நிற்காது. மாப்பிள்ளை விளக்குமாற்றை எடுத்து மெதுவாகத் தரையைக் கூட்டினார். அவன் அசையாமல் அதையே பார்த்தான். 6 கிலோ 140. கை அளந்தோம், 11.4.

நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது ஊரிலிருந்து மனைவி போன்.

"எவ்வளவு?"

"யாருது?"

"ரெண்டு பேருதும் சொல்லுங்க" என்றாள்.